வீட்டை அடமானம் வைத்து எல்எல்எம் போகலாமா?

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு வழக்கறிஞர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். வயது 28. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பிறகு ஐந்து வருடமாக மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியர். 138-ஆவது பிரிவின் கீழ் வரும் செக் வழக்குகள், எம்சிஓபி என்ற வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகள், பாகப்பிரிவினை சூட், எப்போதாவது ஒரு நுகர்வோர் வழக்கு. சீனியர் கொடுப்பதும் சொந்தக் கட்சிக்காரர்கள் கொடுப்பதும் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வந்தால் நல்ல மாதம். அமெரிக்காவில் நடுத்தரமான ஒரு பல்கலைக்கழகத்தில் எல்எல்எம் என்ற ஒரு வருட முதுநிலைச் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, கட்டணத்தில் 15,000 டாலர் குறைக்கிறார்கள். மீதிக்கு வங்கியில் 60 லட்சம் கடன், அதற்கு அப்பாவின் வீடு ஈடு. “எல்எல்எம் முடித்து நியூயார்க் பார் (வழக்கறிஞர் உரிமத் தேர்வு) எழுதினால் ஆரம்பச் சம்பளமே வருடத்துக்கு 2,25,000 டாலர் என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். டொராண்டோவில் இருக்கும் அத்தான் கனடாவுக்கு வா என்கிறார். அக்கா, போகலாமா வேண்டாமா, நேராகச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

நேராகவே சொல்கிறேன். இந்த வருடம், இந்தக் கல்லூரிக்கு, இந்தக் கடனோடு போக வேண்டாம். வெளிநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்களுக்கு வழி இருக்கிறது, அதில் ஒன்றுக்குப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்தபடியே அடுத்த மாதம் வேலையை ஆரம்பிக்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சென்னையில் சட்டம் படித்து, இங்கே அமெரிக்காவில் எல்எல்எம் முடித்து, நியூயார்க் பார் எழுதி, இப்போது ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது வரும் விண்ணப்பங்களில் ஒரு பங்கு என் மேஜைக்குத்தான் வரும், அதனால் எல்எல்எம் என்று போட்ட பயோடேட்டாக்கள் எப்படிப் படிக்கப்படுகின்றன, எங்கே ஓரம் கட்டப்படுகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

அந்த 2,25,000 டாலர் பொய்யில்லை. நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் முதல் வருட அசோசியேட்டுக்கு 2023 கடைசியில் இருந்து அதுதான் சம்பளம். ஆனால் அந்த நாற்காலிகள் பெரும்பாலும் அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான மூன்று வருட ஜேடி படித்தவர்களுக்கு, அதுவும் படிக்கும்போதே கோடை விடுமுறையில் அதே நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு. எல்எல்எம் மாணவர் ஆகஸ்டில் வருகிறார், மே மாதம் முடிக்கிறார், நடுவில் கோடையே கிடையாது. எல்எல்எம்காரர்களுக்கு என்றே ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நியூயார்க்கில் நேர்காணல் முகாம்கள் நடக்கும், கொலம்பியா ஒன்று நடத்துகிறது, என்ஒய்யூ (நியூயார்க் பல்கலைக்கழகம்) ஒன்று நடத்துகிறது. அங்கே வரும் நிறுவனங்கள் யாரைத் தேடுகின்றன என்று பாருங்கள்: சாவோ பாலோவில் மூன்று வருடம் கம்பெனி இணைப்பு வேலை பார்த்தவர், டோக்கியோவில் வங்கிக் கடன் ஒப்பந்தங்கள் போட்டவர், சியோலில் பங்கு வெளியீட்டில் இருந்தவர். அந்த நாட்டுக் கட்சிக்காரர்களோடு பேச ஒரு ஆள் வேண்டும், அல்லது அந்த ஊரில் இருக்கும் தங்கள் கிளைக்குப் பிறகு அனுப்ப ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் கணக்கு.

இந்தியாவுக்கு அந்தக் கணக்கு சரியாகப் பொருந்துவதில்லை, காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் கடை திறக்க முடியாது என்பது நீண்டகால நிலை. ஏ.கே.பாலாஜி வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2012-இல் சென்னை உயர்நீதிமன்றம், 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்: வந்து போய் ஆலோசனை சொல்லலாம், நிலையாக உட்கார்ந்து தொழில் செய்ய முடியாது. 2023-இல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா கதவைக் கொஞ்சம் திறந்து, 2025 மே மாதம் அந்த விதிகளைத் திருத்தி வெளியிட்டது. அதுவும் வழக்காடல் இல்லாத, வெளிநாட்டு மற்றும் சர்வதேசச் சட்ட வேலைக்கு, பரஸ்பர அடிப்படையில். ஆக, நியூயார்க் நிறுவனத்துக்கு உங்களைத் திருப்பி அனுப்ப மும்பையிலோ சென்னையிலோ ஒரு கிளை இல்லை. இந்தியா சம்பந்தப்பட்ட வேலையை அவர்கள் சிங்கப்பூர், லண்டன், ஹாங்காங், துபாய் அலுவலகங்களில் வைத்துப் பார்க்கிறார்கள், அதற்கு மும்பை, டெல்லியின் பெரிய நிறுவனங்களில் நாலைந்து வருடம் ஊறியவர்களை எடுக்கிறார்கள். நீங்கள் போட்டி போட வேண்டியது அவர்களோடு. உங்கள் குறுக்கு விசாரணைத் திறமை அந்தப் போட்டியில் ஒரு மதிப்பெண்கூட வாங்கித் தராது என்பது அநியாயம்தான், ஆனால் நிலவரம் அப்படி.

சரி, பார் தேர்வுக்கு வருவோம். ஏஜென்சிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்: நியூயார்க் பார் எழுத எல்எல்எம் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. அங்கே விதி 520.6 என்று ஒன்று இருக்கிறது. உங்கள் படிப்பின் கால அளவு அவர்கள் கேட்பதற்கு ஈடாக இருக்க வேண்டும், இங்கிலாந்து பொதுச்சட்ட மரபில் வந்த நாட்டில் படித்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் எல்எல்எம் இல்லாமலேயே அனுமதி தரலாம். இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தால் அதை ஈடுகட்டத்தான் எல்எல்எம், அதுவும் அமெரிக்க பார் அசோசியேஷன் அங்கீகரித்த கல்லூரியில் நேரில் உட்கார்ந்து படித்த 24 கிரெடிட், அதற்குள் தொழில் ஒழுக்கம், சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம், பார் தேர்வில் வரும் பாடங்கள் எல்லாம் குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். தகுதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும்படி நியூயார்க் தேர்வு வாரியத்துக்கே விண்ணப்பிக்கலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் உங்கள் மதிப்பெண் பட்டியலை நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. பல்கலைக்கழகத்தில் அந்த ஒரு கவரைப் போட வைப்பதற்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்த வேலையை இப்போதே ஆரம்பித்து வையுங்கள், எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தக் கவர் வேண்டும்.

கலிஃபோர்னியா இன்னும் தாராளம். வேறொரு நாட்டில் என்ரோல் ஆகித் தொழில் செய்யும் உரிமை உள்ள வழக்கறிஞர் எல்எல்எம் இல்லாமலே அங்கே பார் எழுதலாம். ஆக, உங்கள் 60 லட்சம் எதை வாங்குகிறது என்று ஒருமுறை யோசியுங்கள். பார் எழுதும் தகுதியை வாங்கவில்லை, அது வேறு வழியிலும் கிடைக்கக்கூடும். வேலையையும் வாங்கவில்லை. ஒரு வருட விசாவை வாங்குகிறது, கொஞ்சம் பழக்கத்தை வாங்குகிறது.

அந்த விசா கணக்கைப் பார்ப்போம், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்குப் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்று 12 மாதம் வேலை பார்க்க அனுமதி. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அதன்மேல் 24 மாதம் நீட்டிப்பு உண்டு, வழக்கமான எல்எல்எம்முக்கு இல்லை. மே மாதம் முடிக்கிறீர்கள். ஜூலை கடைசியில் பார் தேர்வு, அதுவரை ராப்பகலாகப் படிப்பு. வெளிநாட்டில் சட்டம் படித்து வந்து எழுதுபவர்களில் பாதியை ஒட்டித்தான் தேறுகிறார்கள். ரிசல்ட் அக்டோபர் கடைசியில் வரும். அதன்பிறகு தொழில் ஒழுக்கத் தேர்வு, 50 மணி நேர இலவசச் சேவை, செய்முறைத் திறனுக்கான சான்று, நன்னடத்தைப் படிவங்கள் எல்லாம் முடிந்து உறுதிமொழி எடுக்கும்போது அடுத்த வருடம் பிறந்திருக்கும். இதற்கு நடுவில் ஓபிடி காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அடுத்த மார்ச்சில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். அதில் பெயர் போட ஒரு முதலாளி வேண்டும், அதாவது உரிமம் கைக்கு வந்தும் வராததுமாக இருக்கும் சமயத்திலேயே உங்களை நம்பிப் பணம் கட்ட ஒருவர் தயாராக இருக்க வேண்டும். வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இன்னொரு 20,000. 2025 குலுக்கலில் ஏறத்தாழ மூன்று பதிவுக்கு ஒன்றுதான் தேறியது. இப்போது சம்பளம் அதிகமாக உள்ள பதிவுக்கு வாய்ப்பு அதிகம் என்று முறையை மாற்றியிருக்கிறார்கள், சின்ன அலுவலகத்தில் சேரும் புது வக்கீலுக்கு அது பாதகம். 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணம் அமெரிக்காவுக்கு உள்ளேயே மாணவர் விசாவில் இருந்து மாறுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பிவிட்டு “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று நினைக்கிறவருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியாகிவிட்டது.

குலுக்கலில் விழவில்லை என்றால்? 60 லட்சம் கடனுக்கு 10.5 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 80,000 ரூபாயைத் தாண்டும், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே. மாதம் 25,000 சம்பாதிக்கும் ஊருக்கு அந்தத் தவணையோடு திரும்பி வர முடியாது. அப்பாவின் வீடு ஏலத்துக்கு வரும் வழக்கில் நீங்களே பிரதிவாதி தரப்பில் நிற்க வேண்டியிருக்கும். கொஞ்சம் கொடூரமாகத்தான் சொல்கிறேன், தெரிந்தே சொல்கிறேன்.

எல்எல்எம் முடித்து இங்கே நின்றவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். வரி, அறிவுசார் சொத்து, தரவுப் பாதுகாப்பு, சர்வதேச நடுவர் மன்றம், ஏற்கெனவே ஊரில் பிடித்த துறையை இங்கே கொண்டுவந்தவர்கள். பெரும் கணக்காய்வு நிறுவனங்களின் வரிப் பிரிவுகளில் நிறைய பேர். கம்பெனிகளில் ஒப்பந்த மேலாளர், விதிகளைக் கம்பெனி கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலை, நான் இருப்பதும் அந்தப் பக்கம்தான். இன்னொரு கூட்டம் மணிக்கூலிக்கு ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கும் டாகுமென்ட் ரிவ்யூ வேலையில் ஓபிடி முழுவதையும் ஓட்டிவிட்டு, விசா ஸ்பான்சர் கிடைக்காமல் திரும்பியது. அந்த வேலை கேவலம் இல்லை, ஆனால் அதை நம்பி வீட்டை ஈடு வைக்க முடியாது. சிலர் எல்எல்எம்மில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜேடிக்கு மாறுகிறார்கள், அது நல்ல வழிதான், செலவு மட்டும் இரண்டு, மூன்று மடங்கு.

இப்போது உங்கள் அத்தான் சொன்ன கனடா. மனிதர் விவரமாகத்தான் சொல்லியிருக்கிறார், உங்கள் விஷயத்தில் எனக்கும் அதுதான் முதல் தேர்வு. அங்கே வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களின் தகுதியை என்சிஏ என்ற ஒரே அமைப்பு கியூபெக்கின் சிவில் சட்டம் தவிர மற்ற மாகாணங்களுக்கெல்லாம் சேர்த்துப் பார்க்கிறது. பட்டத்தையும் மதிப்பெண்ணையும் அனுபவத்தையும் பார்த்துவிட்டு இன்னின்ன பாடத்தில் தேர்வு எழுது என்று பட்டியல் கொடுப்பார்கள். ஐந்து பாடம் எல்லோருக்கும் உண்டு: கனடாவின் அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், கனடியச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில் ஒழுக்கம். அதோடு சட்ட ஆய்வும் எழுத்தும் தனியாக. சிலருக்கு ஒப்பந்தம், சொத்துச் சட்டம் போன்றவையும் சேரும். தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 500 கனடிய டாலர் அளவில். முக்கியமான சங்கதி இது: தேர்வு ஆன்லைனில், வீட்டில் இருந்தே எழுதலாம், புத்தகத்தையும் குறிப்பையும் வைத்துக்கொண்டு. அதை நம்பி லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பக்கம் புரட்ட நேரம் இருக்காது. ஆனால் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே, சம்பாதித்துக்கொண்டே, ஒன்றரை இரண்டு வருடத்தில் முடிக்கக்கூடிய காரியம், மொத்தச் செலவும் நீங்கள் கடன் வாங்கப் போகும் தொகையில் ஒரு சின்ன மூலை.

என்சிஏ சான்றிதழ் கைக்கு வந்தபிறகு ஒன்டாரியோவில் பாரிஸ்டர் (வழக்காடல்), சாலிசிட்டர் (ஆவணம், ஆலோசனை) என்று இரண்டு தேர்வு, அப்புறம் ஆர்ட்டிக்ளிங் என்ற குறைந்தது எட்டு மாதப் பயிற்சி. இதில் உங்கள் ஐந்து வருடப் பாளையங்கோட்டை அனுபவம் உதவும், பொதுச்சட்ட நாட்டில் பத்து மாதத்துக்கு மேல் தொழில் செய்தவர்கள் பயிற்சியில் இருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்டால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் என்னைக் கேட்டால் ஆர்ட்டிக்ளிங் செய்யுங்கள் என்பேன். அந்த எட்டு மாதத்தில்தான் அங்கே யாராவது ஒரு வக்கீலுக்கு உங்களைத் தெரியவரும், விலக்கு வாங்கி உரிமத்தோடு நிற்பவரிடம் “கனடிய அனுபவம் இருக்கிறதா” என்றுதான் முதல் கேள்வி. அந்தப் பயிற்சி இடம் கிடைப்பது சிரமம் என்பதையும் சொல்லியாக வேண்டும், உள்ளூர்ப் பட்டதாரிகளே தேடி அலைகிறார்கள். உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வீடு வாங்கல் விற்றல், குடியேற்றம், விபத்து நஷ்டஈடு, குடும்ப வழக்கு பார்க்கும் தமிழ் வக்கீல் அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பியவை. எம்சிஓபி பார்த்தவர், தமிழில் கட்சிக்காரரை உட்கார வைத்துப் பேசத் தெரிந்தவர் என்றால் அங்கே காது கொடுத்துக் கேட்பார்கள். நியூயார்க்கில் யாரும் சீண்டாத உங்கள் அனுபவத்துக்கு நான் பார்த்தவரை மதிப்பு உள்ள இடம் அதுதான். அத்தானிடம் விசாரிக்கச் சொல்லுங்கள், ஆனால் சம்பளம் ஆரம்பத்தில் சுமாராகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு.

போவதற்கு விசா? இங்கே எல்எல்எம் பயன்படும், ஆனால் முதலில் இல்லை, கடைசியில். என்சிஏ பாடங்களை உள்ளடக்கிய எல்எல்எம் சில கனடியப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, டொராண்டோவில் ஆஸ்குட் சட்டக் கல்லூரி நடத்துவதும் வான்கூவரில் யுபிசி (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்) நடத்துவதும் தெரிந்த பெயர்கள். 2024 பிப்ரவரியில் இருந்து, எட்டு மாதமாவது ஓடும் முதுநிலைப் படிப்பை முழுநேரமாக முடித்தால் மூன்று வருட வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அமெரிக்காவின் 12 மாதத்தையும் குலுக்கலையும் இதோடு வைத்துப் பாருங்கள். என்சிஏ தேர்வுகளில் பாதியை ஊரிலேயே எழுதிப் பார்த்து, நம்மால் முடிகிறது என்று தெரிந்தபிறகு இந்த எல்எல்எம்முக்குப் பணம் போட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சேரும் முன் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு வேலை அனுமதி உண்டா என்று பாருங்கள், பகுதிநேரமாகவும் ஆன்லைனிலும் நடக்கும் படிப்புகள் இதில் மாட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்தும் இதே ரகம்தான். ஒரு வருட எல்எல்எம் உங்களை சாலிசிட்டர் ஆக்காது, ஒரு அங்குலம்கூட நகர்த்தாது. 2021-இல் இருந்து அங்கே எஸ்கியூஇ என்ற சாலிசிட்டர் தகுதித் தேர்வு. முதல் கட்டம் 180 கேள்வி வீதம் இரண்டு தாள், இந்தியாவில் உள்ள கணினி மையங்களிலேயே எழுதலாம். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்கு அங்கே போக வேண்டும். ஏற்கெனவே வேறு நாட்டில் என்ரோல் ஆனவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி நிபந்தனை கிடையாது. இரண்டு கட்டத்துக்கும் கட்டணம் ஐயாயிரம் பவுண்டை நெருங்கும், முதல் கட்டத்தில் 2025 ஜனவரியில் 56 சதவீதம் பேர் தேறினார்கள், ஜூலையில் 41 சதவீதம். ஆனால் சாலிசிட்டர் பட்டம் வாங்கி ஊரில் உட்கார்ந்திருக்கும் இந்தியர்கள் நிறைய இருக்கிறார்கள், வேலையும் விசா ஸ்பான்சரும் தனிக் கதை: திறன்சார் வேலை விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் இருந்து 41,700 பவுண்டு, படித்து முடித்தவர்களுக்கான இரண்டு வருட அனுமதி 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. லண்டனில் எடுபடும் வணிகச் சட்ட அனுபவம் இருந்தால் எஸ்கியூஇ அருமையான சாவி. செக் வழக்கு அனுபவத்தோடு அது திறக்கும் கதவு அங்கே அதிகம் இல்லை.

சிங்கப்பூரைப் பலர் கேட்கிறார்கள், என்யூஎஸ் என்ற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எல்எல்எம் படித்தாலும் சிங்கப்பூர் பார் கிடைக்காது, நம் சட்டக் கல்லூரிகள் அவர்களின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு இந்தியச் சட்டம் பார்க்கலாம், கம்பெனியின் உள் சட்டப் பிரிவில் சேரலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால் தமிழ் வக்கீலுக்கு மவுசு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பதினொரு கட்டாயப் பாடக் கணக்கு, நம் பட்டத்துக்குப் பாதிக்கு மேல் மறுபடி படிக்கச் சொல்வார்கள், உங்கள் நிலையில் விட்டுவிடலாம்.

யாரும் பேசாத ஊர் துபாய். உள்ளூர் நீதிமன்றங்களில் நிற்க முடியாது, ஆனால் ஆங்கிலத்தில் பொதுச்சட்ட முறையில் நடக்கும் டிஐஎஃப்சி என்ற நிதி மையத்தின் நீதிமன்றங்கள், அபுதாபியில் அதேபோன்ற ஏடிஜிஎம், இவற்றைச் சுற்றி நம்மவர்களுக்கு வேலை இருக்கிறது. அதைவிட அதிகம் கட்டுமானக் கம்பெனிகளில்: ஒப்பந்த நிர்வாகம், கிளெய்ம் தயாரிப்பது, நடுவர் மன்றத்துக்குக் கோப்பு கட்டுவது. எல்எல்எம்மை யாரும் கேட்பதில்லை, கட்டுமானத் துறையில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தப் படிவம் தெரியுமா என்று கேட்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையத்து ஆட்களின் வியாபாரம் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று நெல்லைக்காரரான உங்களுக்குத் தெரியும்.

எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், கையில் வைத்திருக்கும் வேலையின் ரகத்தை மாற்றுங்கள், இதைத்தான் நான் ரொம்பவும் அழுத்திச் சொல்வேன். இரண்டு வருடம் சென்னைக்குப் போங்கள். உயர்நீதிமன்றத்தில் வணிகப் பிரிவு இருக்கிறது, 2023-இல் அறிவுசார் சொத்துப் பிரிவு தனியாக வந்துவிட்டது, கம்பெனி தீர்ப்பாயத்தில் திவால் வழக்குகள் குவிந்திருக்கின்றன, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பார்க்கும் அலுவலகத்தில் சேருங்கள். அல்லது வெளிநாட்டுக் கம்பெனிகளின் சென்னை மையங்களில் ஒப்பந்தம் எழுதும், திருத்தும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே போங்கள், கோர்ட்டை விட்டுப் போவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டுப் பின்னால் அவர்களிடம் நற்சான்று கேட்கும்போது மாட்டிக்கொள்ளாதீர்கள். நற்சான்று இல்லாமல் என்சிஏ, சாலிசிட்டர், நியூயார்க் எதுவும் நகராது. ஒரு விண்ணப்பத்தில் “40 விநியோக ஒப்பந்தங்கள் எழுதினேன், இரண்டு நடுவர் மன்ற வழக்குகளில் சாட்சியம் தயாரித்தேன்” என்று இருந்தால் நான் நிறுத்திப் படிப்பேன். எல்எல்எம் என்ற மூன்று எழுத்துக்கு நிறுத்துவதில்லை.

உதவித்தொகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு, பிரிட்டனுக்கான செவ்னிங் இரண்டும் நல்லவை, கடனே வேண்டாம், ஆனால் இரண்டிலும் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அங்கேயே தங்கி வேலை தேட நினைப்பவருக்கு அது ஒத்துவராது, திரும்பி வந்து சென்னையில் பெரிய இடத்தில் உட்கார நினைப்பவருக்குத் தங்கமான வழி. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவி தருகிறது, நீங்கள் அந்தப் பிரிவில் வருகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை, வந்தால் இந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.

இப்போது கையில் இருக்கும் இடத்தை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா, 15,000 டாலர் சலுகையும் அதோடு தொடருமா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பல இடங்களில் ஒருமுறை அனுமதிப்பார்கள். ஏஜென்சி வழியாகப் போடாதீர்கள், நீங்களே உங்கள் பெயரில் எழுதுங்கள், நீங்கள் சேர்ந்தால் பல்கலைக்கழகம் தங்களுக்கு எவ்வளவு கமிஷன் தருகிறது என்று ஏஜென்சியிடம் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் முகத்தையும் கவனியுங்கள். முன்பணம் கட்டக் கடைசி நாள் சேர்க்கைக் கடிதத்தில் போட்டிருப்பார்கள், உங்கள் மின்னஞ்சல் அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். என்சிஏ மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தை அதே வாரம் போட்டுவிடுங்கள், பட்டியலில் எத்தனை பாடம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், எதை முதலில் எழுதுவது என்று அப்போது பேசலாம்.